கூடு எங்க சார்? – ஐப்பசிக் குருவிகளும் கேமராவும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். புங்க மரத்தடிச் சருகுக்கு நடுவே நின்ற குட்டைவால் குருவி. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி என்பார்கள், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் அன்றிரவே எழுதியிருந்தான்.

"சார், நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல பஸ்ல இருந்து எறங்கி நடந்து வரும்போது இந்த விசில் கேக்கும் சார். எவனோ பையன் அடிக்கிறான்னு நெனச்சிட்டிருந்தேன். இதோட கூடு எங்க சார் இருக்கு?"

"கூடு இந்த ஊர்ல இல்லப்பா" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்கு ஒரு வரிப் பதில் செரிக்காது. அதோடு, வாலாஜாபாத் பக்கம் வரும் இந்தச் சின்னக் குருவிகளுக்குப் பழைய புகைப்படமே அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் அவன் கேட்ட கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

நம் வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிப்போவோம்? வேடந்தாங்கல். கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கரையில் நின்றே பார்க்கலாம், படம் எடுக்கலாம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த அந்த ஊர்க்காரர்கள், பறவையைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்குக் கௌல் வாங்கினார்கள் என்பது நம் பக்கத்துக்கே பெருமையான கதை. ஆனால் அது பெரிய பறவைகளின் கதை. அதே மாதங்களில் நம் கொல்லைப்புறத்துக்கும் கோயில் நந்தவனத்துக்கும் ஏரிக்கரைப் புதருக்கும் 10, 12 கிராம் எடையில் வந்து இறங்குகிறவர்களை யாரும் வேன் வைத்துப் போய்ப் பார்ப்பதில்லை.

யார் யார் வருகிறார்கள்? புரட்டாசி வாக்கில் முதலில் பழுப்புக் கீச்சான் வந்துவிடும். சைபீரியா, மங்கோலியா பக்கம் பிறந்தது. வேலிக்கம்பியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தி இடம் பிடிக்கும். பின்னாலேயே சாம்பல் வாலாட்டி, பச்சைக் கதிர்க்குருவி, பழுப்பு ஈப்பிடிப்பான், நீண்ட வெள்ளை ரிப்பனை இழுத்துக்கொண்டு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பான். பின்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டும் பிளைத் நாணல் கதிர்க்குருவி. ஆறுமணிக்குருவி அவ்வளவு தூரத்துக்காரன் இல்லை. இமயத்தின் அடிவாரக் காடுகள், மத்திய இந்தியா அதன் பிறந்தகம். தென்மேற்குப் பருவமழையில் அங்கே குஞ்சு பொரித்துவிட்டு, நம் மழைக்காலத்துக்கு இங்கேயும் இலங்கைக்கும் வந்துவிடும். இவை பெரும்பாலும் இரவில் பறப்பவை. அதனால்தான் ஐப்பசியில் ஏதாவது ஒரு விடியற்காலை, உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலோ குளியலறையிலோ ஒரு வண்ணக் குருவி அசந்து உட்கார்ந்திருக்கும். (பறவையியல் படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பான கணக்கில் ஆறுமணிக்குருவி ‘பாடும் பறவை’ வகையில் சேராது, குரல் உறுப்பின் அமைப்பு வேறு. நான் அதை இந்தக் கூட்டத்தோடுதான் சேர்ப்பேன்.)

இந்தக் குருவி ஐரோப்பியப் புத்தகத்தில் ஏறிய கதை நம் சென்னைக் கோட்டையிலிருந்து தொடங்குகிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் எட்வர்டு பக்லி என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். சென்னைப் பக்கத்துப் பறவைகளின் படங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார். ஜான் ரே எழுதி, அவர் இறந்த பிறகு 1713-இல் வெளிவந்த பறவை நூலில் அவை பின்னிணைப்பாக அச்சாயின. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் அதுவும் ஒன்று. ஆறுமணிக்குருவியின் குடும்பத்துக்கே உலகம் முழுக்க இன்று ‘பிட்டா’ என்று பெயர். தெலுங்கில் பிட்ட என்றால் சின்னக் குருவி. யாரோ ஒரு தெலுங்குக்காரர் "அது ஒரு பிட்ட" என்று சொல்லியிருப்பார், அதுவே அறிவியல் பெயராகி ஆஸ்திரேலியா வரை போய்விட்டது.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் டி.சி. ஜெர்டன். இவரும் மருத்துவர், சென்னை ராணுவத்தில் வேலை. 1839-இல் தொடங்கி ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் தென்னாட்டுப் பறவைகள் 420-ஐப் பட்டியல் போட்டார். பிறகு 1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்களோடு ஒரு நூல். அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். பறவையைத் துளித்துளியாகப் பார்த்து வரைந்த அந்தக் கைகளின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? ஜெர்டன் பெயர் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளோடு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். துப்பாக்கியால் பார்த்தார்கள். நல்ல தொலைநோக்கி இல்லாத காலம். இலைக்குள் துள்ளும் 10 கிராம் குருவி எந்த இனம் என்று சொல்ல வேண்டுமானால் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, சிறகு நீளத்தை அளக்க வேண்டும். பிளைத் நாணல் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் ஏஷியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்டு பிளைத் 1849-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மண்ணிறக் குருவி, எந்த அடையாளமும் இல்லை. அதைப் போலவே இன்னும் நாலைந்து இனம் உண்டு. சிறகின் எந்த இறகு எதைவிட எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதில்தான் வித்தியாசம். அதைக் கையில் பிடிக்காமல் எப்படிப் பார்ப்பது?

பத்தாம் வகுப்பில் காங்கிரஸ் தோன்றிய பாடம் நடத்தும்போது ஏ.ஓ. ஹியூம் பெயரை எழுதிப்போட்டு 1885 என்று அடிக்கோடு போடுவேன். அந்த ஹியூம் இந்தியாவிலேயே பெரிய பறவைத் தோல் சேகரிப்பாளர் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. பல வருஷம் பாடுபட்டு எழுதிய பறவைக் குறிப்புகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். மனம் விட்டுப்போன மனிதர், 60,000-க்கும் அதிகமான பறவைத் தோல்களை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதுவும் அதே 1885-இல். ஒரே வருஷத்தில் ஒரு கை கட்சியைத் தொடங்கியது, இன்னொரு கை பறவைகளை விட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் அந்த வருஷத்தை ஒருவனும் மறந்திருக்க மாட்டான்.

சரி, கேமரா வந்தது. சுடுவது நின்று படம் எடுப்பது தொடங்கியதுதானே என்று நினைப்போம். வந்தது உண்மை. ஆனால் யாருக்கு வந்தது?

இ.எச்.என். லோதர் என்று ஒரு ரயில்வே அதிகாரி. ‘இந்தியாவில் ஒரு பறவைப் புகைப்படக்காரர்’ என்ற பொருளில் தலைப்பிட்டு 1949-இல் அவர் நூல் வந்தது. அடுத்து லோக் வான் தோ. மலேயாவில் பிறந்து, சிங்கப்பூரில் சினிமா கொட்டகைகளும் படத் தயாரிப்பும் நடத்திய பெரும் பணக்காரர். சலீம் அலியின் நெருங்கிய நண்பர், அவரோடு இந்தியக் காடுகளில் அலைந்தவர். அவருடைய பறவைப் படத் தொகுப்பு 1957-இல் வந்தது. 1964-இல் தைவான் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பறவைப் படங்களை வரிசையாகப் பாருங்கள். கூட்டில் குஞ்சுக்கு ஊட்டும் தாய், கூட்டின் விளிம்பில் தகப்பன், அடைகாக்கும் தாய். திரும்பத் திரும்பக் கூடுதான்.

காரணம் கருவி. கேமரா கனம், பிலிம் மெதுவானது, ஃபோகஸ் கையால் திருப்ப வேண்டும். கிளைக்குக் கிளை தாவும் குருவியின் பின்னால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் குஞ்சு இருக்கும் கூட்டுக்குத் தாய் சில நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்தே தீரும். ஆகவே கூட்டைக் கண்டுபிடி, எட்டடி பத்தடி தூரத்தில் துணிக்கூடாரம் போடு, பறவை பழகும்வரை நாள் கணக்கில் விட்டுவை, பிறகு உள்ளே உட்கார்ந்து கூட்டின்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திரு. இதுதான் முறை. இன்று கூட்டருகே போய்ப் படம் எடுப்பது தப்பு என்று பறவைக்காரர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அன்று வேறு வழி இல்லை.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வாருங்கள். கூடு எங்க சார்? கீச்சானின் கூடு சைபீரியாவில். கதிர்க்குருவியின் கூடு பின்லாந்திலோ ரஷ்யாவிலோ. இங்கே வருவது சாப்பிட்டுப் பிழைக்க மட்டும். கூடு இல்லை, அதனால் படமும் இல்லை. உள்ளூர்க் குருவிக்கெல்லாம் படம் கிடைத்தபோது, வருஷத்தில் ஆறேழு மாதம் நம்மோடு வாழ்ந்த இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

நம் மா. கிருஷ்ணனை இங்கே சொல்லாமல் விட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் கண்மூடும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். தமிழிலும் அருமையாக எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். யானையைக் கால்நடையாகப் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்த மனிதர். அவருடைய பத்திகளில் புகைப்படமும் உண்டு, கையால் வரைந்த படமும் உண்டு. கேமராவுக்குப் பிடிபடாததைப் பேனா பிடித்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். வரையத் தெரிந்தவருக்கு அந்த வசதி. எனக்குக் கரும்பலகையில் இந்திய வரைபடமே கோணலாகத்தான் வரும்.

துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே இன்னொரு கருவி வந்தது: வலை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலை, ‘மிஸ்ட் நெட்’ என்பார்கள். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. அந்த வைரஸ் ரஷ்யாவில் இருந்த ஒன்றோடு உறவுடையது என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணியோடு கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலி தலைமையில் பறவை வளையமிடும் ஆய்வில் இறங்கியது. பிடிப்பது, எடை போடுவது, உண்ணி பார்ப்பது, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுவது. நம் கோடியக்கரை அதன் முக்கியமான முகாம்களில் ஒன்றானது. பூநாரைக்கும் உள்ளானுக்கும் பேர்போன இடம் அது. ஆனால் அங்குள்ள உலர்காட்டில் ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் கதிர்க்குருவியும் வலையில் விழுந்தன. நோய் பறவையோடு வந்தது என்று நிரூபணமாகவில்லை. பின்னால் அமெரிக்க ராணுவத்தின் பணமும் இந்த ஆய்வுக்கு வந்தது என்று 1970-களில் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் பெரிய சர்ச்சை கிளம்பி, கிருமிப் போருக்கு ஒத்திகையா என்று கேட்டார்கள். சலீம் அலி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அரசியல் எப்படியோ போகட்டும். சுடாமல், கொல்லாமல், ஒரு குருவியை ‘இது இன்ன குருவி’ என்று தனித்து அடையாளம் வைத்த முறை அது. அப்படி வளையமிட்டுப் பார்த்தவர்கள்தான் பச்சைக் கதிர்க்குருவி போன்றவை இமயத்துக்கு அப்பால் போய்விட்டு, அடுத்த வருஷம் அதே மரத்துக்குத் திரும்பி வருகின்றன என்று கண்டார்கள்.

என் கதை மிகச் சின்னது. ஓய்வு பெற்றபோது பையன் ஒரு கேமரா வாங்கித் தந்தான். நிக்கான் பி900, 83 மடங்கு ஜூம். லோதர் கூடாரம் போட்டு நாள் கணக்கில் உட்கார்ந்து எடுத்ததை, பூங்கா பெஞ்சில் முழங்கால் வலியோடு உட்கார்ந்தபடி நான் எடுக்கிறேன். கூடு தேவையில்லை. ஐப்பசி வந்தால் காலை ஆறு மணிக்கு நான் ஆஜர். மழை விட்ட மறுநாள்தான் நல்ல வேட்டை. எடுத்த படத்தைத் தேதியோடு நோட்டில் குறித்துவைப்பேன், மார்க் ரிஜிஸ்டர் எழுதிய பழக்கம். இன்னும் சொல்லப்போனால் நாணல் கதிர்க்குருவியை இந்தக் கேமராவாலும் உறுதி சொல்ல முடிவதில்லை. ‘டக்... டக்...’ என்று நாக்கைத் தட்டுவதுபோலக் கத்துமே, அதை வைத்துத்தான் பெயர் எழுதுகிறேன். 1849-இல் பிளைத் கையில் வைத்து அளந்ததை நான் காதை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

பூங்கா எது என்று நான் எழுதாததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருஷம் முன்பு, ஆறுமணிக்குருவியின் முதல் நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில், இடத்தின் பெயரோடு பதிவு போட்டேன். அடுத்த சனிக்கிழமை காலையில் போனால் பூங்காவில் கார் நிற்க இடமில்லை. பீரங்கி போலக் கேமரா வைத்த பதினைந்து இருபது பேர். எல்லாரும் நல்ல பிள்ளைகள், "வணக்கம் ஐயா" என்று எழுந்து நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் அந்தக் குருவியின் விசிலைப் போட்டார். தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது புதரைவிட்டு வெளியே ஓடி வந்தது. கிளிக் கிளிக் கிளிக். உள்ளே போனது. மறுபடி விசில், மறுபடி வந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து வந்த உயிர், புழு பொறுக்க வேண்டிய காலை நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாத்தியார், "நிறுத்துங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பதிவைப் பார்த்து வந்தவர்கள் என்ற பெருமை தொண்டையை அடைத்துவிட்டது. ஞாயிறும் அதேதான். செவ்வாய்க்கிழமை முதல் அந்த விசில் கேட்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க நோட்டில் அந்த வரி காலி.

அதற்குப் பிறகு இன்னொன்று. பூங்காவை அழகுபடுத்துகிறோம் என்று வேலியோரப் புதரை வெட்டி, பேவர் பிளாக் பதித்தார்கள். சருகு ஒன்று விடாமல் தினமும் கூட்டிக் கொளுத்தினார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆறுமணிக்குருவிக்குச் சாப்பாடே சருகுக்கு அடியில்தான். அலகால் புரட்டிக் கிளறித்தான் தின்னும். என் நோட்டையும் தேதி போட்ட படங்களையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு, சம்பந்தப்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்தேன். மரியாதையாகக் கேட்டார்கள், டீ கொடுத்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

நடத்திக்கொடுத்தது அங்கே கூட்டுகிற அம்மா. ஒருநாள் என் பக்கத்தில் துடைப்பத்தை ஊன்றி நின்று, "இன்னா சார் டெய்லி அந்த மூலையையே பார்க்கறே?" என்றார். கேமராவில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். வாலடிச் சிவப்பைப் பார்த்து, "பட்டுப் பொடவ பார்டராட்டம் கீது" என்றார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். சருகு விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் புங்க மரத்தாண்ட நான் கூட்டல, போ. யாராவது கேட்டா நீ பதில் சொல்லு" என்றார். மூன்று வருஷமாக அந்த மூலையில் துடைப்பம் படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன ஞாயிறு நான் போட்ட படம் அந்த மூலையில் எடுத்ததுதான். போன வருஷம் வந்த அதே குருவியா, அன்று விரட்டப்பட்டதா, புதிதாக வந்ததா? காலில் வளையம் இருந்தால் தெரியும். என் 83 மடங்கு ஜூமில் அது தெரியவில்லை. கால் இரண்டும் வெறுங்கால்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. ஷிப்ட் முடிந்து வரும்போது விசில் கேட்டால் தேதியை மட்டும் எனக்கு அனுப்பு. கடைசியாக எந்தத் தேதியில் கேட்கிறது என்றும் பங்குனி, சித்திரையில் கவனி, நான் அந்த நேரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். மற்ற நண்பர்களும் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அசந்து உட்கார்ந்த வண்ணக்குருவியைப் பார்த்திருந்தால் எந்த மாதம், எத்தனை மணி என்று எழுதுங்கள். இடம் வேண்டாம்.